நிலைத்த வாழ்வின் கணக்காளர் ஜே. சி. குமரப்பா

இந்த நூற்றாண்டு மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளில் பலர் இன்று பதுளையில் இல்லை. கொழும்பிலும் சென்னையிலும், இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் குடும்பமாக வாழ்கிறோம். எங்கே இருந்தாலும், கடையில் ஊவாத் தேயிலை என்று எழுதிய ஒரு பெட்டி கண்ணில் பட்டால் நம் கால் ஒரு கணம் நிற்கும். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, பனியில் மலையேறி அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் நம் தாய்மாரும் பாட்டிமாரும். பக்கத்தில் நின்று அதே பெட்டியை எடுத்துக் கூடையில் போடுகிறவருக்கு இது தெரியாது. அவர் விலையை மட்டும் பார்க்கிறார்.

வாங்குகிறவர் விலையை மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் பொருளைச் செய்த கைகளையும் பார்க்க வேண்டும் என்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் ஒரு தமிழர். இன்று உலகமெங்கும் குறைவாக வாங்குதல், வீணாக்காமை, சுற்றாடலைப் பேணுதல் என்று பேசுகிறார்கள். இந்தப் பேச்சுத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்னரே அதைப் பொருளியலாக எழுதி, தம் வாழ்விலும் நடத்திக் காட்டியவர் ஜோசப் செல்லதுரை குமரப்பா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அவருடைய சிந்தனை மற்றவர்களுக்குப் புரிவதைவிட விரைவாகப் புரியும். ஆகவே அவருடைய வாழ்க்கை இம்மலரில் இடம்பெறுவது பொருத்தமே.

பிறப்பும் படிப்பும்

குமரப்பா 1892 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் திகதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் அரசாங்கப் பொதுவேலைப் பகுதியில் பணியாற்றியவர். தாய் எஸ்தர் இராஜநாயகம். ஆங்கில ஒழுங்கில் நடந்த வசதியான வீடு அது. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். தம்பி பாரதன் பிற்காலத்தில் அண்ணனோடு சேர்ந்து கிராமப் பணியில் உழைத்தார்.

குமரப்பா இளைஞராக இலண்டன் சென்று கணக்காளராகத் தகுதி பெற்றார். அங்கேயே நல்ல வேலையும் அமைந்தது. தாயின் விருப்பத்துக்கு இணங்கி 1919 இல் நாடு திரும்பி, பம்பாயில் கணக்காய்வுத் தொழிலைத் தொடங்கினார். மேனாட்டு உடை, மேனாட்டுச் சாப்பாடு, மேனாட்டு வீட்டுச் சாமான்கள் என்று அவருடைய அன்றாட வாழ்வு ஓர் ஆங்கில கனவானின் வாழ்வாகவே இருந்தது. அந்நாளில் ஜே. சி. கொர்னேலியஸ் என்றே அவர் அறியப்பட்டார். குமரப்பா என்ற பழைய குடும்பப் பெயரைப் பின்னாளில்தான் மீண்டும் ஏற்றுக்கொண்டார்.

1927 இல் அவர் அமெரிக்கா சென்றார். சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றபின் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமை பற்றி அவர் ஆற்றிய உரை பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணக்காளரான குமரப்பா பிரித்தானிய ஆட்சியின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். மக்களிடமிருந்து வாங்கிய வரியின் பெரும்பகுதி இராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் கடன் வட்டிக்கும் போய்விட, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் மிஞ்சியது சொற்பம் என்று அவர் கண்டார். அதுவரை பெரிய நிறுவனங்களின் இலாப நட்டத்தை எழுதிவந்தவர், ஒரு நாட்டு ஏழையின் நட்டத்தை எழுதத் தொடங்கியது அந்த ஆய்வில்தான்.

அவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1927 நவம்பரில், காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தார். மலைநாட்டு ஊர்களில் பேசிக்கொண்டு நம் பதுளைக்கும் வந்து பொதுக்கூட்டத்தில் உரையாற்றினார். கூலி வேலை செய்து பிழைத்த நம் முன்னோர் கொடுத்த காசும் அந்த நிதியில் சேர்ந்தது. குமரப்பாவும் காந்தியும் அதுவரை ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

சபர்மதி மரத்தடியில்

1929 இல் நாடு திரும்பிய குமரப்பா தம் ஆய்வை வெளியிட வழி தேடினார். காந்தியடிகளிடம் காட்டலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். மே மாதம் 9 ஆம் திகதி பிற்பகல் இரண்டரை மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. மேனாட்டு உடையில் கைத்தடியோடு சபர்மதி ஆசிரமத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்த குமரப்பா, சாணம் மெழுகிய தரையில் மரத்தடியில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். இராட்டையை அருகில் பார்த்தறியாதவர் ஆகையால் நின்று வேடிக்கை பார்த்தார். குறித்த நேரம் நெருங்கியதும் அந்த முதியவரே, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று விசாரித்தார். தாம் பார்க்க வந்தவர் இவரே என்று அப்போதுதான் விளங்கியது. மடிப்புக் கலையாத உடையோடு அவரும் தரையில் அமர்ந்தார்.

ஆய்வைத் தமது யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிடக் காந்தியடிகள் இசைந்தார். கூடவே, குஜராத்தில் ஒரு தாலுகாவின் கிராமங்களை நேரில் ஆராய்ந்து தர முடியுமா என்றும் கேட்டார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு குமரப்பா மாத்தர் தாலுகாவின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்றார். எத்தனை பேர், எவ்வளவு நிலம், என்ன வரவு, எவ்வளவு கடன், எவ்வளவு வரி என்று ஒவ்வொரு குடும்பமாகக் கணக்கெடுத்தார். ஒரு பட்டணத்துக் கணக்காளர் கிராமத்துக் குடும்பத்தின் கணக்கைக் குனிந்து பார்த்த அந்தக் காலம் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. பம்பாய்த் தொழிலைக் கைவிட்டார். கதர் உடுத்தினார். காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டபோது யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பை ஏற்று, அதன் விளைவாகச் சிறைக்கும் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

மூன்று அணாக் கணக்கு

1934 ஜனவரி 15 ஆம் திகதி பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்குத் திரண்ட பணத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணாதான் உணவுச் செலவு என்று அவர் வரையறுத்தார். அந்நாட்களில் ஒரு கூட்டத்துக்காகக் காந்தியடிகளே தம் குழுவினரோடு பாட்னாவுக்கு வந்தார். அவருக்கு வேண்டிய ஆட்டுப்பாலும் பழமும், குழுவினரின் சாப்பாடும், வாகன எரிபொருளும் இந்த மூன்று அணாவுக்குள் அடங்கா. நிவாரண நிதியிலிருந்து அதற்குக் காசு தர இயலாது என்று குமரப்பா காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். செய்தி காந்தியடிகளின் காதுக்கு எட்டியது. அவர் காரணம் கேட்டார். துயரப்பட்டவருக்கென்று கொடுத்த காசு அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது குமரப்பாவின் விளக்கம். காந்தியடிகள் அதை ஏற்று, தமது செலவைத் தாமே பார்த்துக்கொள்ளச் செய்தார்.

பெரியவர் என்று பாராமல் மறுத்த துணிவைப் பாராட்டுவதற்காகவே இந்தச் சம்பவத்தைப் பலரும் சொல்வதுண்டு. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஒரு காசு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று இறுதிவரை பின்தொடர்ந்து பார்ப்பது குமரப்பாவின் இயல்பு. பின்னாளில் ஒரு பிடி அரிசியையும் ஒரு விளக்குத் திரியையும் அவர் இப்படியே பின்தொடர்ந்து பார்த்தார்.

மகன்வாடியில் ஒரு புதிய அடுக்களை

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுடையது. ஜம்னாலால் பஜாஜ் அளித்த இடத்துக்கு, காந்தியடிகளின் உறவினரும் ஆசிரமத்தின் தூணாக இருந்தவருமான மகன்லாலின் நினைவாக மகன்வாடி என்று பெயரிட்டார்கள். கிராம் உத்யோக் பத்திரிகா என்ற மாத இதழையும் குமரப்பா அங்கிருந்து நடத்தினார்.

மகன்வாடியில் நடந்த ஆராய்ச்சியெல்லாம் பெண்கள் நாள்தோறும் புழங்கும் பொருள்களைப் பற்றியவை. அரிசி, மா, எண்ணெய், வெல்லம், சவர்க்காரம், விளக்கு, கடதாசி, எரு. ஒவ்வொன்றையும் எடுத்து, இது எங்கிருந்து வருகிறது, இதைச் செய்வதில் யாருக்கு வேலை கிடைக்கிறது, இதனால் உடம்புக்கு என்ன, மண்ணுக்கு என்ன என்று அவர் கேட்டார்.

ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய அரிசியை எடுத்துக்கொள்வோம். தீட்டும்போது தவிட்டோடு பி உயிர்ச்சத்து போய்விடுகிறது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பி உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. அதே ஆலை, உரலில் நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலியையும் எடுத்துக்கொண்டது. ஆகவே வெண்மைக்கு ஆசைப்பட்டு வாங்குகிற வீட்டார், சத்தைக் காசு கொடுத்து இழக்கிறார்கள்; அயல்வீட்டுக்காரியின் பிழைப்பும் அதோடு போகிறது. இப்படி ஒரே பொருளில் உடல்நலத்தையும் பிறர் நலத்தையும் சேர்த்துப் பார்ப்பது குமரப்பாவின் முறை.

மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை அங்கே உருவாக்கினார்கள். பனையிலிருந்து வெல்லம் காய்ச்சினார்கள். தேனீ வளர்த்தார்கள். செக்கைச் சீர்திருத்தினார்கள். கழிவுகளைக் கொண்டு கையால் கடதாசி செய்தார்கள். கிராமத்துக் குப்பையையும் மலத்தையும் முறைப்படி மக்கவைத்து எருவாக்கினார்கள்.

மண்ணெண்ணெய்க்கும் தாவர எண்ணெய்க்கும் என்ன வேறுபாடு என்பதை விளக்கக் குமரப்பா ஓர் அழகான பாகுபாட்டைச் செய்தார். பூமிக்குள் இருக்கும் நிலக்கரி, எண்ணெய், உலோகம் போன்றவை தேங்கிய குளத்து நீர். எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப நிரம்பாது. காடும் பயிரும் ஓடும் ஆற்று நீர். அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் கிடைக்கும். குளத்தை நம்பி வாழ்கிற சமுதாயம், நீர் குறையக் குறைய அடுத்தவன் குளத்தின் மேல் கண் வைக்கும். அதிலிருந்து போர் பிறக்கும். ஆற்றை நம்பி வாழ்கிற சமுதாயத்துக்கு அந்த அவசியம் குறைவு. அன்றாடம் நாம் ஏற்றும் அடுப்பும் விளக்கும் உலக சமாதானத்தோடு சம்பந்தப்பட்டவை என்று அவர் கருதியது இதனாலேயே.

சிறையில் பிறந்த நூல்

1942 இன் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஒட்டிக் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டாவது நூல் 1945 இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது.

அதில் அவர் இயற்கையைப் பார்த்து ஐந்து விதமான வாழ்க்கை முறைகளை வகுக்கிறார். புலி ஆட்டுக்குட்டியைக் கொன்று தின்று வாழ்வது ஒன்று. குரங்கு தான் நடாத தோப்பில் பழத்தைப் பறித்துத் தின்பது இரண்டாவது. பறவை தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டுவது மூன்றாவது. தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டத்துக்காகத் தேன் சேர்ப்பது நான்காவது. தாய்ப்பறவை கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டுவது ஐந்தாவது. முதலாவதிலிருந்து ஐந்தாவதை நோக்கி ஏறுவதே மனிதரின் வளர்ச்சி. எவ்வளவு உற்பத்தி செய்தோம் என்பதைவிட, புலியிலிருந்து தாய்ப்பறவையை நோக்கி எத்தனை படி ஏறினோம் என்பதே அவருக்கு முக்கியமான கணக்கு. இல்லறத்தை நடத்தும் தாயின் செயலைப் பொருளியலின் உச்சியில் அவர் வைத்தது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

1966 இல் பொருளியலறிஞர் ஷூமாக்கர் எழுதி, பின்னர் 1973 இல் வெளிவந்த உலகப் புகழ் பெற்ற நூலிலும் சேர்ந்த பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரை, குமரப்பாவின் இந்த நூலை மேற்கோள் காட்டுகிறது. மேனாட்டார் அளவோடு வாழ்வதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியபோது, தஞ்சாவூர்த் தமிழர் ஒருவர் சிறையில் எழுதிய நூல் அவர்களுக்குக் கைகொடுத்தது.

ஒரு கோப்பைக்குள் இருப்பது

வாங்குகிறவரின் பொறுப்பை விளக்கக் குமரப்பா சொல்லும் உதாரணம் ஒரு கோப்பைக் கொக்கோ. அதன் விதை மேற்கு ஆபிரிக்கத் தோட்டங்களில், ஏதோ ஒரு வகைக் கட்டாய உழைப்பால் விளைந்ததாக இருக்கலாம். படைபலத்தால் கட்டுப்படுத்திய கடல் வழியாகக் கப்பலில் வந்திருக்கலாம். அரசியல் அதிகாரத்தால் கிடைத்த சுங்கச் சலுகையோடு நம் சந்தைக்குள் நுழைந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கொக்கோவை வாங்கிக் குடிப்பவர், தாம் கையால் எவரையும் அடிக்காவிட்டாலும், வழியெல்லாம் நடந்த வன்முறைக்குக் காசு கொடுத்தவர் ஆகிறார். தூரத்திலிருந்து வருகிற பொருளின் வரலாற்றை நம்மால் அறிய முடியாது. பக்கத்து ஊரில் செய்த பொருளானால் செய்தவரின் நிலை நம் கண்ணுக்குத் தெரியும். தவறு இருந்தால் திருத்தவும் முடியும். கிட்டத்தில் விளைவதை வாங்குங்கள் என்று அவர் சொன்னதற்கு இதுவே அடிப்படை.

சகோதரிகளே, கொக்கோ என்று அவர் சொன்ன இடத்தில் தேயிலை என்று வைத்துப் பார்த்தால் நம் கதை அப்படியே இருக்கிறது. அந்தக் கோப்பையின் மறுமுனையில் இருந்தவர்கள் நாம். பத்தடி நீளமும் பத்தடி அகலமுமான லயக் காம்பராவும், பெரட்டும், பற்றுச்சீட்டும், சம்பளத்தில் கழித்துக்கொண்ட அரிசியும் அந்தக் கோப்பைக்குள் இருந்தன. குடித்தவர்கள் அதைச் சுவைக்கவில்லை.

1924 இல் ரயில் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசியும் மாவும் சீனியும் மேலே ஏறின. உண்ண முடியாத ஒன்றை விளைவித்து, விளைவிக்காத ஒன்றை உண்டு வாழும் வாழ்வு தோட்டத்தின் விதியாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டபோது அதன் கொடுமை தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேல் என்று இருந்த மலையில், ஒரு மரவள்ளிக் கிழங்கு ஊன்றவும் சொந்த மண் இல்லாத நம் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். நிலைத்த பொருளாதாரம் என்ற சொல்லுக்கு நூல்களில் விளக்கம் தேட வேண்டியதில்லை. அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நம் குடும்பங்கள் கண்டிருக்கின்றன.

எளிமை வேறு, ஏழ்மை வேறு

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். இல்லாமையிலேயே கிடந்து, படித்து, இப்போதுதான் சற்று வசதியாக வாழத் தொடங்கியிருக்கிறோம். நம்மைப் பார்த்து எளிமையாக வாழுங்கள் என்று சொல்வது முறையா? மா வந்த சாக்கைக் கிழித்துப் பாவாடை தைத்து உடுத்திய பாட்டியிடம் சிக்கனம் பேசலாமா?

குமரப்பா ஏழைகளிடம் குறைத்துக்கொள்ளச் சொன்னவர் அல்லர். அவர்களுக்கு நல்ல அரிசியும் பாலும் பழமும் காய்கறியும் நல்ல வீடும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் முயற்சியெல்லாம். வாழ்க்கைத் தரத்தைப் பற்றி அவர் எழுதியபோது, உயர்ந்தது தாழ்ந்தது என்று பேசுவதில் ஒரு குழப்பம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சாமான் அதிகமுள்ள வாழ்க்கை சிக்கலான வாழ்க்கை. அது உயர்ந்த வாழ்க்கை ஆகிவிடாது. சாமான் குறைந்த வாழ்க்கை எளிய வாழ்க்கை. அது தாழ்ந்தது ஆகிவிடாது. மேசை, விரிப்பு, பீங்கான், கரண்டி, முள் என்று பரப்பிச் சாப்பிடுகிற வீட்டில் அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்குவதிலேயே ஒருவரின் பொழுது போகிறது. வாழையிலையில் சத்தான உணவைப் பரிமாறும் வீட்டில் இலையை ஆடு தின்கிறது. வீட்டுப் பெண்ணுக்கு வேறு காரியத்துக்கு நேரம் மிஞ்சுகிறது. உடலுக்கும் அறிவுக்கும் மனத்துக்கும் வளர்ச்சி தருவது எதுவோ அதுவே உயர்ந்த தரம்.

ஆகவே எளிமை என்பது நாமே தெரிந்து எடுப்பது. ஏழ்மை என்பது பிறர் நம்மேல் சுமத்துவது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம்; உள்ளே இருப்பது வெவ்வேறு. ஏழ்மையிலிருந்து வெளியே வந்தவர் நேரே சிக்கலான வாழ்வுக்குள் நுழைந்து கடன்பட்டுக் கிடப்பதை நாம் தினமும் காண்கிறோம். தவணைக்கு வாங்கிய பெரிய தொலைக்காட்சிக்காகக் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிற வீடுகள் ஊவாவில் இல்லையா?

நம் பாட்டிமாரின் அடுக்களையில் இல்லாமையும் இருந்தது, அறிவும் இருந்தது. லயத்துக் கோடியில் சிறு துண்டு மண்ணில் கீரையும் பயற்றையும் பூசணியும் போட்டார்கள். பட்டியில் கட்டிய பசுவின் சாணம் அந்தப் பாத்திக்கே போனது. சிங்களக் கிராமத்துச் சேனையில் விளைந்த குரக்கனும் கித்துள் கருப்பட்டியும் சந்தைக்கு வரும்போது வாங்கினார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத் தண்ணீர் குடித்தார்கள். வல்லாரையும் முருங்கையும் மருந்தும் கறியுமாயின. இன்று பசு போய்ப் பால்மாப் பொட்டலம் வந்திருக்கிறது. 2022 இல் நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். தேங்கிய குளத்து நீரைப் பற்றிக் குமரப்பா எழுதியது அந்த வரிசையில் நின்றவர்களுக்கு விளங்கியிருக்கும்.

அவருடைய வழியை அவசரத்தில் திணிக்க முடியாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. வயலும் தேயிலையும் பாதிக்கப்பட்டு, விவசாயிகள் வீதிக்கு வந்தபின் அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. குமரப்பாவும் இரசாயனப் பசளையை விரும்பியவர் அல்லர். ஆனால் அவர் முதலில் மாட்டையும் எருக்குழியையும் பற்றிப் பேசினார், செய்முறையைச் சோதித்துப் பார்த்தார், கிராமத்தாருக்குக் கற்பித்தார். உத்தரவால் ஒரு நாளில் வருவது நிலைத்த பொருளாதாரம் ஆகாது.

கல்லுப்பட்டிக் குடிசை

இந்தியா சுதந்திரம் அடைந்தபின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். உழுகிறவனுக்கும் நிலத்துக்கும் இடையில் தரகர் இருக்கக்கூடாது என்பது அந்தக் குழு 1949 இல் அளித்த அறிக்கையின் சாரம். பெரிய அணைகளும் பெரிய ஆலைகளுமே முன்னேற்றம் என்று புதிய அரசு நம்பிய காலம் அது. குமரப்பாவின் குரல் எடுபடவில்லை. பதவிகள் அவரைத் தேடி வரக்கூடிய நிலையிலும் அவர் வார்தாவுக்கு அருகே செல்டோ என்ற கிராமத்தில் பண்ணை அமைத்து, கிராம வாழ்வைச் செய்து காட்டப் போனார்.

உடல்நலம் குன்றவே 1953 இல் மதுரைப் பக்கம் வந்து, தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். நம் முன்னோர் பலர் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டு வந்த மதுரைச் சீமையின் வறண்ட மண் அது. ஒரு சிறு குடிசையில் அவர் குடியிருந்தார். அங்கே காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் கிராமத்தானின் படமும் மாட்டியிருந்தது. காந்தி தமக்குக் குரு என்றும், அந்த ஏழை தம் குருவுக்கும் குரு என்றும் அவர் பார்க்க வந்தவர்களுக்கு விளக்குவாராம். இரத்த அழுத்தத்தால் நெடுநாள் வருந்தி, 1960 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

நம் பங்கு

குமரப்பாவைப் போல் எல்லாவற்றையும் துறந்து குடிசைக்குப் போக நம்மால் ஆகாது. அவரும் அதை எல்லாரிடமும் கேட்கவில்லை. அவர் கேட்டது, வாங்குமுன் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதே. இது உண்மையில் தேவையா? இதைச் செய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா? கிட்டத்தில் விளைந்த வேறொன்று இதன் இடத்தில் போதாதா? பாவித்து முடிந்தபின் இது மண்ணுக்குப் போகுமா, ஓடைக்குப் போகுமா?

இக்கேள்விகளைக் கேட்க உலகில் நம்மைவிட உரிமை உள்ளவர்கள் குறைவு. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு நம் உறவினர் ஆண்டுக்கணக்கில் போராடியதை நாம் அறிவோம். தேயிலை குடிக்கிறவர் நம்மை நினைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதே நியாயத்தால், நாம் மலிவாக வாங்குகிற சட்டையைத் தைத்த சுதந்திர வர்த்தக வலயத்துப் பிள்ளையை நாம் நினைக்க வேண்டும். அவளும் ஊவாவிலிருந்து போன ஒருத்தியாக இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பெட்டி நிறையப் பொருள்களைக் கொண்டுவருவது அன்பினால்தான். அந்த அன்பின் ஒரு பங்கு, தோட்டத்து வீட்டுக்கு ஒரு கறவைப் பசுவாகவோ, நம் பாடசாலை வளவில் மரக்கறிப் பாத்தியாகவோ, எருக்குழியாகவோ நிற்குமானால் அது ஆண்டுதோறும் பலன் தரும். உள்ளூரில் இருக்கும் நாம் சங்கக் கூட்டங்களில் பிளாஸ்ரிக் தட்டையும் போத்தல் தண்ணீரையும் விட்டு, வாழையிலையையும் குரக்கனையும் கித்துள் கருப்பட்டியையும் கொண்டுவரலாம். கருப்பட்டி காய்ச்சுகிறவரும் இலை அறுக்கிறவரும் நமக்குத் தெரிந்த அயலவராகவே இருப்பார்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

நூறு ஆண்டுகளாக மலையகத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் தந்த நம் பாடசாலை, வீட்டுக் கணக்கை நியாயமாக எழுதத் தெரிந்த தலைமுறைகளை இன்னும் பல நூறு ஆண்டுகள் உருவாக்கி நீடூழி வாழ்க.